ஏடு காத்தோரும் எழுத்துக் காப்போரும்

ஒரு நூல் எழுதியவரால் பிறக்கிறது, படியெடுப்பவரால் வாழ்கிறது. தமிழ் நூல்களின் வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். பனையோலை ஏடு செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகும் இயல்புடையது. எத்துணைப் பேணினும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் அது நிலைப்பதில்லை. ஆகவே, சங்கப் பாடல்கள் இன்று நம் கையில் இருக்கின்றன என்றால், தலைமுறைதோறும் பெயர் தெரியாத எவரோ ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதிவைத்தார் என்பதே பொருள். அவ்வாறு எழுதுவார் இல்லாமையால் மறைந்த நூல்கள் பல. அவற்றின் பெயர்களை மட்டுமே உரையாசிரியர்களின் வாயிலாக அறிகிறோம்.

ஓலையிலிருந்து தாளுக்கு மாறியது இரண்டாம் படி. 1887இல் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினர். தாளிலிருந்து கணினிக்கு மாறியது மூன்றாம் படி. இம்மூன்றாம் படியைக் கடக்க உதவியவர்கள் யாவர்? பெரும் பொருள் பெற்ற நிறுவனங்கள் அல்ல. ஓய்வு நேரத்தில் ஊதியம் பெறாது உழைத்த தொண்டர்களே முன்நின்றனர். அவர்தம் வரலாறு தமிழாசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

தொண்டின் தோற்றம்

1971ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்னும் மாணவர், தம் நாட்டின் விடுதலைச் சாற்றுரையைக் கணினியில் தட்டெழுதி, வேண்டியோர் எடுத்துக்கொள்ளலாம் என அறிவித்தார். அச்சைக் கண்டவர் எனப் போற்றப்படும் குட்டன்பர்க்கின் பெயரால் அவர் தொடங்கிய திட்டமே பிற்காலத்து மின்னூல் திட்டங்களுக்கெல்லாம் முன்னோடி.

நூலுக்கு ஹார்ட் செய்ததை, கணினியை இயக்கும் மென்பொருளுக்குச் செய்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அவர் பணியாற்றிய ஆய்வுக்கூடத்தில் ஓர் அச்சுக்கருவி இருந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பழைய கருவியின் மூலநிரல் கையில் இருந்தமையால், தாள் சிக்கியதும் பயனாளருக்குச் செய்தி அனுப்புமாறு அதனை அவர் திருத்தியிருந்தார். புதிய கருவிக்கு மூலநிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த ஒருவரும் வாக்குறுதிக்குக் கட்டுப்பட்டுத் தர மறுத்துவிட்டார். பழுதைத் திருத்தும் அறிவு இருந்தும் திருத்தும் உரிமை இல்லை என்னும் நிலை அவரை உறுத்தியது. 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் அதற்குரிய பொது உரிமத்தையும் வெளியிட்டார்.

அவ்வுரிமத்தின் கருத்து எளியது. மென்பொருளை எவரும் இயக்கலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆனால் திருத்தி வழங்குபவர் தாம் பெற்ற அதே உரிமையைப் பெறுபவர்க்கும் அளித்தல் வேண்டும். வாங்கியவர் வழியை அடைக்கலாகாது என்பதே இதன் சாரம். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் கருநிரலும் மறு ஆண்டில் இவ்வுரிமத்தின் கீழ் வந்தது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் தொகுப்பைத் தொண்டர்களே இன்றளவும் பேணி வருகின்றனர்.

எழுத்து ஒன்றாகாத காலம்

தமிழுக்கு இதில் ஒரு தனி இடர் இருந்தது. ஆங்கில எழுத்துக்கு உலகெங்கும் ஒரே குறியீட்டு முறை இருந்தது. தமிழிலோ எழுத்துருவை ஆக்கியவர் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய முறையைக் கையாண்டனர். ஒருவர் அனுப்பிய கட்டுரை, அதே எழுத்துரு இல்லாத மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியில் நம் மண்ணுக்குப் பெரும் பங்குண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு என்னும் தமிழ்ச் செயலியை உருவாக்கினார். சிங்கப்பூரில் தமிழாசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி கணியன் முறையை அமைத்தார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தாங்கி வந்த நான்மொழி இணையத் தளத்தில் தமிழும் இடம்பெற வழிசெய்தார். அவரது முயற்சியால் 1997 மே திங்களில் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு, குறியீட்டு ஒற்றுமை வேண்டும் என்னும் எண்ணத்தை வலுப்படுத்தியது. அதன்பின் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே மாதக்கணக்கில் வாதிட்டு உருவாக்கியதே திஸ்கி என்னும் குறியீட்டு முறை.

மதுரைத் திட்டம்

இந்தச் சூழலில், 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. இதனைத் தொடங்கிய டாக்டர் கு. கல்யாணசுந்தரம் தமிழ்ப் பேராசிரியர் அல்லர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணிபுரிந்த வேதியியல் அறிஞர். மயிலை என்னும் எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கியவரும் அவரே. அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனன் துணை நின்றார். திட்டத்தின் வரிசையில் முதல் எண் பெற்ற நூல் திருக்குறள். இன்று அவ்வரிசை 500க்கும் மேற்பட்ட நூல்களாக நீண்டுள்ளது.

இத்திட்டத்து நூல்களின் முகப்பு கருதத்தக்கது. தட்டெழுதியவர் இன்னார், பிழை திருத்தியவர் இன்னார் என்று அதில் குறித்திருப்பர். இந்த முகப்பை நீக்காமல் எவரும் தடையின்றி வழங்கலாம் என்றும் எழுதியிருப்பர். பழைய ஏடெழுதுவோர் பலர்க்குக் கிட்டாத பெயர் இவர்களுக்குக் கிட்டிற்று.

ஒரு தொண்டரின் ஓராண்டுப் பணி எத்தகையது? முதலில் நூலைத் தேர்ந்து, அதன் உரிமைக் காலம் முடிந்ததா என ஆராய வேண்டும். ஆசிரியர் மறைந்தபின் இந்தியாவில் 60 ஆண்டுகளும், மலேசியாவில் 50 ஆண்டுகளும், சிங்கப்பூரில் 70 ஆண்டுகளும் உரிமை நீடிப்பது பொதுவிதி. அடுத்து நூலைத் தட்டெழுத வேண்டும். அல்லது படமெடுத்து எழுத்துணரியிடம் கொடுக்க வேண்டும். அதன் பிறகே உண்மையான உழைப்பு தொடங்குகிறது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, றா, னா முதலியன பழைய வடிவில் இருக்கும், பொறி தடுமாறும். ரகரத்தையும் துணைக்காலையும் அது மாற்றிப் படிக்கும். இதே இரண்டும் ஓலைச்சுவடியில் ஒரே வடிவாய் இருந்து பதிப்பாசிரியர்களை அலைக்கழித்தன என்பதை நினைவுகூர்க. ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்னும் பழமொழி இன்று பொறிக்கும் பொருந்தும். அதனைத் திருத்த யாப்பும் சொல்லும் அறிந்த கண் வேண்டும்.

உரிமையே காவல்

உழைப்பு மட்டும் நூலைக் காத்துவிடுமா? இல்லை. மதுரைத் திட்டம் முதலில் இணைமதி, மயிலை எழுத்துருக்களிலும், பின்னர்த் திஸ்கியிலும், 2004ஐ ஒட்டி ஒருங்குறியிலும் தன் நூல்களை வெளியிட்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முன் செய்தவை வீணாகாமல் புதிய முறைக்கு மாற்றப்பட்டன. குறியீட்டு முறை வெளிப்படையாக இருந்தமையாலும், நூல்களை மாற்றவும் வழங்கவும் தடை இல்லாமையாலுமே இது கைகூடிற்று. தனியார் எழுத்துருவில் பூட்டி வைத்த எழுத்து, அந்த எழுத்துரு வழக்கொழிந்ததும் படிப்பாரற்றுப் போகும். ஓலையைச் செல் அரித்ததற்கும் இதற்கும் விளைவில் வேற்றுமை இல்லை.

படி ஒன்றே ஓரிடத்தில் இருப்பதன் தீங்கை 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது கண்டோம். ஏறத்தாழ 97,000 நூல்கள் அங்கே சாம்பலாயின. 2005இல் தோன்றிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தேடித் தேடி மின்னுருவாக்கி வருவதன் அருமை இப்பின்னணியிலேயே விளங்கும்.

எல்லாவற்றையும் இலவசமாக்கினால் எழுதுபவர் எவ்வாறு வாழ்வார் என்று கேட்பார் உளர். நேர்மையான கேள்வி இது. உரிமைக் காலம் முடிந்தவற்றையும், உரிமையாளர் மனமுவந்து விட்டுக்கொடுத்தவற்றையும் மட்டுமே தொண்டர்கள் எடுத்தல் முறை. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு ஏற்றது, அவை நாட்டின் பொதுச்சொத்தாக வேண்டும் என்று எழுத்தாளர்கள் கிளர்ந்ததன் பயனாகும். வாழும் எழுத்தாளரும் தம் விருப்பப்படி உரிமை வழங்க, 2002இல் வெளிவந்த படைப்பாக்கப் பொதும உரிமங்கள் வழி காட்டுகின்றன. சிங்கப்பூரில் 2015இல் நிறைவேறிய தமிழ் மின்மரபுத் திட்டமும் இந்நெறியில் அமைந்ததே. எழுத்தாளர்கள் இசைவு தந்தனர்; தொண்டர்கள் பிழை திருத்தினர்; தேசிய நூலக வாரியம் இடமளித்தது. 1965 முதல் வெளிவந்த 300க்கும் மேற்பட்ட தமிழ் இலக்கிய நூல்கள் மின்னுருப் பெற்றன.

குறையும் கூற வேண்டும். மின்னூல் எல்லாம் செம்பதிப்பு ஆகிவிடா. பாடவேறுபாடுகளும் அடிக்குறிப்புகளும் பல நூல்களில் விடுபட்டுள்ளன. ஆராய்ச்சி செய்வோர் அச்சுப் பதிப்புடன் ஒப்புநோக்காது மேற்கோள் காட்டுதல் தகாது. ஆயினும் ஒரு நன்மை உண்டு. அச்சில் ஏறிய பிழை அடுத்த பதிப்பு வரை நிற்கும். மின்னூலில் கண்ட பிழையை அறிவித்தால் விரைவில் திருத்தலாம்.

அறிவிப்பவர் வேண்டும் என்பதே இங்குள்ள சிக்கல். ஊதியம் பெறும் பணியாளர் இல்லாத இடத்தில், ஒரு கை ஓய்ந்தால் மறு கை தொடர வேண்டும். கணினி வல்லுநர் தம் பங்கைச் செய்துவிட்டனர். எழுத்து ஒன்றாயிற்று, கருவிகள் கைக்கு வந்தன. சீர் பிரித்து, பொருள் உணர்ந்து, ஐயமுள்ள சொல்லை மூலத்துடன் ஒப்பிடும் பணி தமிழாசிரியர்க்கே உரியது. நம் பள்ளிகளின் பழைய ஆண்டு மலர்களும், இந்நாட்டில் அச்சாகி மறுபதிப்புக் காணாத சிறு நூல்களும் அலமாரிகளில் பழுப்பேறிக் கிடக்கின்றன. உரிமையாளரின் இசைவு பெற்று, ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு ஒரு நூலைப் பிழையறச் செய்து பொதுவில் வைப்பாராயின், பத்தாண்டில் ஒரு சிறு நூலகமே உருவாகிவிடும்.