இழைச்சிமெண்டுப் பலகையும் அதனை அறுத்த கைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

மரச்சட்டகத்தால் கட்டப்படும் வீடுகளின் வெளிச்சுவரை மூடுவதற்குப் பயன்படும் இழைச்சிமெண்டுப் பலகையின் வரலாறு, பெரும்பாலும் அதனைக் கண்டுபிடித்தவர், உற்பத்தி செய்த நிறுவனங்கள் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அப்பலகையைக் கட்டுமானத் தளத்தில் அளவுக்கு வெட்டி ஆணி அறைந்த தச்சரின் பக்கத்திலிருந்து அவ்வரலாற்றை இக்கட்டுரையில் நோக்க முற்படுகிறோம். இதற்குக் காரணம் உண்டு. பலகை சுவரில் சிதையாமல் இருக்கும்வரை அதனால் விளையும் கேடு மிகக் குறைவு. அதனை வெட்டும்போதும் துளையிடும்போதும் எழும் தூசியே மனித உயிரோடு தொடர்புடையது.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹட்செக் என்பார், கல்நாரையும் சிமெண்டையும் நீரில் கரைத்துத் தாள் செய்யும் இயந்திரத்தைப் போன்றதொரு பொறியில் மெல்லிய படலங்களாகப் படியவைத்து, அவற்றை உருளையில் சுற்றித் தகடாக்கும் முறைக்கு 1901ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். என்றும் அழியாதது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து 'எட்டர்னிட்' என்று அதற்குப் பெயரிட்டார். பெயர் ஒரு வகையில் பொருத்தமானதே. கல்நார் இழை மனித நுரையீரலுக்குள் சென்றால் எளிதில் அழிவதில்லை.

இப்பலகை மக்கள் வாழ்வோடு மிக நெருங்கிக் கலந்த நாடு ஆஸ்திரேலியா எனலாம். 1900களின் தொடக்கத்தில் இறக்குமதி செய்து விற்ற ஜேம்ஸ் ஹார்டி நிறுவனம், முதல் உலகப் போர்க் காலத்தில் சிட்னியின் கமேலியா பகுதியில் உற்பத்தியைத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செங்கல்லுக்குத் தட்டுப்பாடு நிலவியபோது, சிட்னியின் மேற்குப் புறநகர்களில் தொழிலாளர் குடும்பங்கள் விடுமுறை நாள்களில் தாங்களே தங்கள் வீடுகளை எழுப்பிக்கொண்டன. 'ஃபைப்ரோ' என்று அம்மக்கள் செல்லமாக அழைத்த பலகை விலை குறைந்தது, கறையானுக்கு அஞ்சாதது, தச்சுப் பயிற்சி இல்லாதவரும் கையாளத்தக்கது. மரத்தாலான நிலைச்சட்டங்களின்மீது பலகையை வைத்துத் துத்தநாகப் பூச்சிட்ட தட்டைத்தலை ஆணிகளால் அறைந்து, இரு பலகைகள் கூடும் இடத்தை மெல்லிய மரப்பட்டிகொண்டு மூடுவர். விளிம்பை ஒட்டி ஆணி அடித்தால் பலகை பிளந்துவிடும் என்பதால் சற்று உள்தள்ளியே அடிப்பர். இன்றும் அந்நாட்டின் பழைய தெருக்களில் மரப்பட்டிகளின் நெடுங்கோடுகளைக் கொண்டே அவ்வீடுகளை அடையாளம் காணலாம்.

வெட்டும் முறைகள் இரண்டு. கூர்முனைக் கத்தியால் ஆழமாகக் கீறி, கீறலின் வழியே ஒடிப்பது ஒன்று; நெம்புகோல் கத்தரியால் நறுக்குவது மற்றொன்று. இரண்டிலும் தூசி குறைவு. ஆனால் மூலைகளுக்கும் சன்னல் ஓரங்களுக்கும் இவை போதா. ஆகவே வாளும் அரமும் தேவைப்பட்டன. மின்வாள் தச்சரின் கைக்கு எளிதில் கிட்டிய பின்னர் வேலை விரைந்தது, தூசியும் பெருகிற்று. நுரையீரல் உறையில் தோன்றும் புற்றுநோய்க்கும் நீலக் கல்நாருக்கும் உள்ள தொடர்பை, தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவர்தம் குழுவினரும் 1960ஆம் ஆண்டில் 33 நோயாளிகளைக் கொண்டு எடுத்துக்காட்டினர். அவர்களுள் சுரங்கத்தில் வேலை செய்யாதோரும் இருந்தனர். அந்நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் செல்லும். சொந்த வீட்டைக் கட்டிய இளைஞர், பேரப்பிள்ளைகளைக் கண்ட வயதில் அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. ஆஸ்திரேலியா கல்நாரை முற்றாகத் தடை செய்தது 2003ஆம் ஆண்டின் இறுதி நாளில்தான்.

நம் வட்டாரத்தைப் பொறுத்தமட்டில், மலேசியா 1986ஆம் ஆண்டு கல்நார் வேலைகளுக்கென விதிமுறைகளை இயற்றியது. சிங்கப்பூர் 1989ஆம் ஆண்டு கட்டடங்களில் அதன் பயன்பாட்டைத் தடை செய்தது. பழைய கூரையைப் பிரிப்போர் இதனை நினைவிற்கொள்வது நன்று.

1980களில் கல்நாருக்குப் பதிலாக மரக்கூழ் இழை வந்தது. சிமெண்டு, அரைத்த மணல், மரக்கூழ் ஆகியவற்றைக் கலந்து உயரழுத்த நீராவியில் வேகவைத்த புதிய பலகை, 1990ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலேயே உற்பத்தி செய்யப்பட்டு, அங்குள்ள வீடுகளின் வெளிச்சுவர்களில் பரவிற்று. அங்கு அது நீண்ட பட்டைகளாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் படியுமாறு கீழிருந்து மேலாகப் பொருத்தப்படுகிறது. ஒவ்வொரு பட்டையின் மேல் விளிம்பருகே அடித்த ஆணியை அடுத்த பட்டை மறைத்துவிடும். ஆணியின் தலை பலகையோடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே புதைந்தால் பிடிப்புக் கெடும். வெட்டிய முனைகளுக்கு வண்ணம் பூசாவிடின் நீர் உறிஞ்சும்.

கல்நார் நீங்கியதால் இடர் முழுதும் நீங்கியதாகக் கருதியோர் உண்டு. அக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. பலகையில் சேர்ந்த மணல் படிகச் சிலிக்கா ஆகும். மின்வாளால் அறுக்கும்போது அது நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்துகளாகி, சிலிக்கோசிஸ் நோய்க்கும் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட விதி, எட்டு மணி நேர வேலைநாளின் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் என்னும் வரம்பை விதித்தது. இழைச்சிமெண்டுப் பலகையை அறுக்கும் கைவாளை அது தனியே குறிப்பிட்டு, தூசி உறிஞ்சும் அமைப்புடன் திறந்தவெளியில் அறுப்பதற்கென முறை வகுத்தது. உற்பத்தியாளரின் பொருத்தும் குறிப்புகளும் கீறி ஒடிப்பதையும் கத்தரியையும் முதலிடத்தில் வைத்தன. சிட்னிப் புறநகரின் பழைய கத்தி இவ்வாறு மீண்டும் முன்வரிசைக்கு வந்தது.

ஆயினும் அமெரிக்கத் தளங்களில் சுவர்வேலைக்குக் கூலி பேசும் அலகு நூறு சதுர அடியாகும். பலகைகளை ஒவ்வொன்றாகக் கீறி ஒடிப்பவரைக் காட்டிலும், மூன்று நான்கை அடுக்கி ஒரே வீச்சில் மின்வாளால் அறுப்பவர் அந்த நூறு அடியை முன்னதாக முடித்துவிடுகிறார்.