ஆம்ஸ்டர்டாமில் உறங்க ஓர் இடம்

கையில் காசு குறைவாக உள்ளவன் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து இறங்குவது புதிய செய்தியன்று. நானூறு ஆண்டுகளாக அந்நகரம் அத்தகையவர்களால்தான் நிரம்பியிருக்கிறது. கால்வாயோரத்து உயர்ந்த வீடுகளைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஒரு நூலகத்தையே நிறைக்கும். அவ்வீடுகளில் இடம் கிடைக்காதவர்கள் இரவில் எங்கே தலைசாய்த்தார்கள் என்ற கேள்வி அவற்றில் ஓரத்துக் குறிப்பாகவே வருகிறது. கல்லூரி விடுமுறையில் எட்டுப் படுக்கைகள் கொண்ட ஹாஸ்டல் அறையொன்றில் ஐந்து இரவுகள் தங்கி, பகலெல்லாம் கால்நடையாக அந்நகரைச் சுற்றியபோது அந்தக் கேள்விதான் என்னைப் பற்றிக்கொண்டது.

முதலில் நகரத்தின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். ஆம்ஸ்டல் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையிலிருந்து பிறந்த ஊர் அது. 1275ஆம் ஆண்டின் சுங்கவரி விலக்கு ஆவணமொன்றில்தான் அதன் பெயர் முதன்முதலாக இடம்பெறுகிறது. 1585இல் ஆண்ட்வெர்ப் ஸ்பானியப் படைகளிடம் வீழ்ந்தபின் அங்கிருந்த வணிகர்களும் கைவினைஞர்களும் வடக்கே பெயர்ந்தார்கள். ஊர் வீங்கியது. அந்த வீக்கத்துக்கு வடிவம் தரும் பொருட்டு 1613இல் வெட்டத் தொடங்கப்பட்டவையே ஹேரன்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்னும் மூன்று பெருங்கால்வாய்கள். பிரபுக்களின் கால்வாய், பேரரசனின் கால்வாய், இளவரசனின் கால்வாய் என்று பொருள். பெயர்களிலேயே யாருக்காக வெட்டப்பட்டன என்பது விளங்கிவிடும். இரைச்சலும் நாற்றமும் எழுப்பும் தொழில்கள் இக்கரைகளில் நடக்கலாகாது என்று தடை இருந்தது. 1660களில் நடந்த இரண்டாம் கட்டப் பணியில் கால்வாய் வளையம் ஆம்ஸ்டல் ஆற்றைத் தாண்டியும் நீண்டது. 2010இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தடைசெய்யப்பட்ட அத்தொழில்களும் அவற்றைச் செய்தவர்களும் எங்கே போனார்கள்? பிரின்சன்கிராக்டின் மறுகரைக்கு. யோர்டான் என்று இன்று அழைக்கப்படும் பகுதி அது. வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். பெருங்கால்வாய்கள் அளவெடுத்து வளைந்திருக்க, யோர்டானின் தெருக்கள் மட்டும் கோணலாக ஓடும். பழைய வயல் வாய்க்கால்கள் இருந்த போக்கிலேயே அங்கே தெருக்கள் இடப்பட்டன. நிலத்தைச் சீர்செய்யச் செலவழிக்க நகரசபைக்கு மனமில்லை. இதற்குள் ஓர் ஊழல் கதையும் உண்டு. நகரின் மேயர்களில் ஒருவரான பிரான்ஸ் ஊட்கன்ஸ், விரிவாக்கம் எங்கே வரப்போகிறது என்பதை அறிந்து அங்கே நிலம் வாங்கிப் போட்டு ஆதாயம் பார்த்தார். அவரோடு பதவியிலிருந்த சி. பி. ஹூஃப்ட் என்பவர் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஹூஃப்டின் பேச்சுகள் ஏட்டில் நின்றன, ஊட்கன்ஸின் லாபம் கையில் நின்றது. நமக்கு மிகவும் பழக்கமான கதைதான்.

யோர்டானில் ஒரே வீட்டின் நிலவறையில் ஒரு குடும்பம், மேலே ஒன்று, பரணில் ஒன்று, பின்கட்டில் இன்னொன்று என்று மக்கள் அடைந்து கிடந்தார்கள். 1900ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 80,000 பேர் அச்சிறு பரப்பில் வாழ்ந்தார்கள். இன்று அங்கே அதில் நான்கில் ஒரு பங்கினர்கூட இல்லை எனலாம். கழிவெல்லாம் கலந்த கால்வாய்த் தண்ணீர் நிலவறைகளின் சன்னல் மட்டத்தில் நின்றது. கோடையில் நாற்றம் தாங்காமல் ஹேரன்கிராக்ட் செல்வர்கள் ஃபெக்ட் ஆற்றங்கரையில் கட்டிய மாளிகைகளுக்குப் போய்விடுவார்கள். யோர்டான்காரர்களுக்குப் போக இடமேது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த கால்வாய்கள் பலவும் தூர்க்கப்பட்டன. ரோசன்கிராக்ட் 1889இல் தூர்ந்தது. கடன்பட்டு வீட்டை இழந்த ரெம்பிராண்ட் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த வாடகை வீடு அந்தக் கரையில்தான் இருந்தது. 1669இல் அவர் இறந்தபோது பக்கத்திலிருந்த வெஸ்டர்கெர்க் தேவாலயத்தில் வாடகைக் கல்லறையொன்றில் புதைத்தார்கள். அந்த இடம் இன்று அடையாளம் தெரியாது. உறங்க வாடகைக்கு எடுத்த இடம் என்று அதையும் இக்கட்டுரையின் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

லிண்டன்கிராக்ட் என்னும் மற்றொரு கால்வாயில் 1886 ஜூலையில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். கால்வாயின் குறுக்கே கயிறு கட்டி, அதில் உயிருள்ள விலாங்கைத் தொங்கவிட்டு, படகில் வந்து அதைப் பிடித்திழுக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. கொடூரமான விளையாட்டு என்பதால் அதற்குத் தடை இருந்தது. காவலர்கள் வந்து கயிற்றை அறுத்தார்கள். அடுத்த நாள் இராணுவம் வந்து சுட்டது. இருபத்தாறு பேர் மாண்டார்கள். விலாங்குக் கலகம் என்று வரலாறு அதற்குப் பெயரிட்டிருக்கிறது. விலாங்கின் மேல் காட்டிய இரக்கத்தில் சிறிதையேனும் நிலவறைவாசிகளின் மேல் காட்டியிருந்தால் கயிறு கட்டிய கைகள் தடியெடுத்திருக்குமா என்பது ஐயமே. அந்தக் கால்வாயும் பின்னர் தூர்க்கப்பட்டது. சனிக்கிழமைகளில் அங்கே சந்தை கூடுகிறது. பாலாடைக்கட்டியும் ரொட்டியும் வாங்கி அருகிலிருந்த ஒரு படியில் உட்கார்ந்து உண்டேன். அதுவே அன்றைய மதிய உணவு.

ஏழைகளுக்கு இந்நகரம் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினால் அது நியாயமாகாது. தெருவிலிருந்து பார்த்தால் சாதாரணக் கதவு, உள்ளே நுழைந்தால் நடுவே தோட்டமும் சுற்றிலும் சிறு வீடுகளுமாக விரியும் முற்றங்கள் யோர்டான் எங்கும் உண்டு. ஹோஃப்யெ என்பார்கள். செல்வர்களும் சபையும் முதிய பெண்களுக்காகக் கட்டிவைத்த அறச்சாலைகள் அவை. 1650இல் கைம்பெண்களுக்கென எழுப்பப்பட்ட கார்த்தவுசர்ஹோஃப் இன்றும் குடியிருப்பாகவே இருக்கிறது. நம் சத்திரங்களை நினைவூட்டினாலும் இவை வழிப்போக்கனுக்கானவை அல்ல. நல்லொழுக்கச் சான்றும் சமயச் சபையின் பரிந்துரையும் உள்ள ஊர்க்காரிக்கே அங்கே இடம். அயலூரான் வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

அந்த அயலூரான் பெரும்பாலும் தண்ணீர் வழியாகவே வந்தான். 1632இல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லமுக்கும் இடையே நேராக ஒரு கால்வாய் வெட்டி, குதிரை கரையில் நடந்து கயிற்றால் இழுக்கும் பயணப்படகு விடப்பட்டது. ட்ரெக்ஸ்கவுட் என்று அதற்குப் பெயர். மணியடித்ததும் புறப்படும், பயணி வந்தாலும் வராவிட்டாலும் காத்திராது. மனிதன் வேகமாக நடந்தால் எவ்வளவோ அதைவிடச் சற்றே கூடுதலான வேகம். ஆயினும் காற்றை நம்பாமல் குறித்த நேரத்தில் போய்ச்சேரலாம் என்பது அக்கால ஐரோப்பாவில் அரிய வசதி. சில பத்தாண்டுகளில் நாட்டின் கடற்கரை மாகாணங்கள் முழுவதும் இந்தப் படகுத்தடங்கள் பின்னிப்பிணைந்தன. 1839இல் நெதர்லாந்தின் முதல் ரயில் ஓடியதும் அதே ஆம்ஸ்டர்டாம்–ஹார்லம் தடத்தில்தான்.

படகிலிருந்து இறங்கிய ஜெர்மானிய, நார்வேஜிய இளைஞனைக் கரையிலேயே ஒருவர் எதிர்கொள்வார். சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு, பணம் இப்போது வேண்டாம் என்பார். என் ஐந்து நாள் அலைச்சலில் மிகுதியும் என்னை உறுத்தியது இவர்களைப் பற்றிய வரலாறே. கடன் விடுதி நடத்திய இவர்களுக்கு மக்கள் இட்ட பெயர் 'சீல்ஃபெர்கோப்பர்': ஆன்மாவை விற்பவர். இப்பெயரில் ஒரு சொல்விளையாட்டு ஒளிந்திருக்கிறது. கடன் பத்திரத்துக்கு டச்சு மொழியில் 'சேல்' என்று பெயர், ஆன்மாவுக்கு 'சீல்'. பத்திரம் விற்பவர் என்பது மக்கள் நாவில் ஆன்மா விற்பவர் என்று திரிந்தது. இலக்கண நூல்கள் இதை மரூஉ என்று சொல்லி நகர்ந்துவிடலாம். தங்கியவர்களுக்கு அது வெறும் ஒலித்திரிபாக இருந்திருக்காது.

ஏற்பாடு இதுதான். 1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாலுமிகளும் சிப்பாய்களும் தேவைப்பட்டார்கள். கம்பெனி ஆளெடுக்கும் நாள் வரும்வரை விடுதிக்காரர் இளைஞனுக்குக் கடனில் சோறு போடுவார், துணியும் பெட்டியும் வாங்கித் தருவார். தப்பி ஓடாதிருக்கப் பரணிலோ நிலவறையிலோ பூட்டி வைத்தவர்களும் இருந்தார்கள். ஆளெடுப்பு முடிந்ததும் அவன் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். பொதுவாக 150 கில்டர். ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 9 கில்டர் அளவில் இருந்தது. ஆக, பதினாறு மாதங்களுக்கு மேற்பட்ட உழைப்பு அந்தச் சில வாரப் படுக்கைக்கும் சோற்றுக்கும் அடைமானம். அவன் சம்பாதித்தால் மட்டுமே கம்பெனி அந்தப் பணத்தைக் கொடுக்கும். வழியிலேயே இறந்தால் பத்திரம் வெற்றுக் காகிதம். எனவே விடுதிக்காரர் அதைக் கழிவு விலையில் வேறொரு வியாபாரிக்கு விற்றுவிடுவார். பல பத்திரங்களைச் சேர்த்து வாங்கியவருக்குச் சிலர் இறந்தாலும் மற்றவர்கள் மூலம் லாபம். ஒரு மனிதன் பிழைப்பானா மாட்டானா என்பது சந்தைச் சரக்காயிற்று. 1771இல் கம்பெனியில் மருத்துவராகச் சேர்ந்து கப்பலேறிய சுவீடிய இயற்கை அறிஞர் கார்ல் பீட்டர் துன்பெர்க் தம் பயணநூலில் இக்கொடுமையைப் பதிவுசெய்திருக்கிறார். இரண்டு நூற்றாண்டுகளில் கம்பெனி ஆசியாவுக்கு ஏற்றியனுப்பியவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். திரும்பி வந்தவர்கள் அதில் பாதிக்கும் குறைவு.

அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினர் வந்து இறங்கிய கரை நம்முடையது. பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினம் பறிக்கப்பட்டது. சோழமண்டலத் துணி கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போய் மசாலாவாக மாறி, மசாலா ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் ஹேரன்கிராக்ட் வீடுகளின் சலவைக்கல்லாக மாறியது. துணி மட்டும் போகவில்லை. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், குறிப்பாகத் தஞ்சைப் பகுதி நலிந்த 1659–61 காலத்தில், ஆயிரக்கணக்கான தமிழர்கள் அடிமைகளாக வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். பத்திரத்தில் தானே கையெழுத்திட்டு வந்த ஜெர்மானியச் சிப்பாய், பத்திரம் என்று எதுவும் இல்லாத இவர்களைக் காவல் காத்தான். இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். அவனுக்கு எண்ணிப் பார்க்க ஒரு தொகையும் முடிவுத் தேதியும் இருந்தன. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் மண்டையோடும் எலும்பும் செதுக்கிய கற்களைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். அங்கே பெயர் பொறிக்கப்பட்டவர்கள் அதிகாரிகள், வணிகர்கள், அவர்தம் குடும்பத்தார். பரணில் பூட்டப்பட்டிருந்தவனுக்குக் கல் வைக்க யார் செலவழிப்பார்கள்? 2021 ஜூலை 1 அன்று ஆம்ஸ்டர்டாம் மேயர் ஃபெம்கெ ஹால்செமா அடிமை வாணிகத்தில் நகரின் பங்குக்காக மன்னிப்புக் கேட்டார். 2023இல் அதே நாளில் மன்னர் வில்லெம் அலெக்சாண்டரும் கேட்டார்.

இன்று நாம் அறிந்த ஹாஸ்டல் வேறொரு மரபில் வந்தது. 1909 ஆகஸ்டில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது பெரும் புயல்மழையில் சிக்கி, ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரவைக் கழித்தார். விடுமுறையில் பள்ளிகள் வெறுமனேதானே கிடக்கின்றன, வைக்கோல் மெத்தை போட்டால் பிள்ளைகள் நாடெங்கும் நடந்து திரியலாமே என்ற எண்ணம் அந்த இரவில் பிறந்தது. விரைவில் ஆல்டெனா கோட்டையில் அவர் நிலையான விடுதியொன்றை நிறுவினார். இத்தகைய விடுதிகளின் நாடுகள் கடந்த கூட்டமைப்பு 1932 அக்டோபரில் உருவானது. உருவான ஊர் ஆம்ஸ்டர்டாம். கடன் விடுதிகளால் பெயர்கெட்ட அதே ஊர் என்பதைக் கூட்டத்தில் யாரேனும் எண்ணிப் பார்த்தார்களா தெரியவில்லை. ஷிர்மான் அதன் முதல் தலைவரானார். மறு ஆண்டே நாஜிகள் ஜெர்மானிய விடுதிகளை ஹிட்லர் இளைஞர் அமைப்பின் கீழ்க் கொண்டுவந்தார்கள். 1936இல் தலைவர் பதவியிலிருந்தும் ஷிர்மான் விலக நேர்ந்தது.

ஆம்ஸ்டர்டாமின் மிகப் புகழ்பெற்ற படுக்கை 1969 மார்ச்சில் ஹில்டன் ஹோட்டலில் ஜான் லெனனும் யோகோ ஓனோவும் அமைதிக்காகப் படுத்துக் கிடந்ததுதான். அவர்களைப் பின்பற்றி வந்த இளைஞர்களுக்கு ஹில்டனில் இடமிருக்கவில்லை. டாம் சதுக்கத்தின் போர் நினைவுச்சின்னப் படிகளில் உறங்கினார்கள். 1970 ஆகஸ்டில் அங்கே உறங்குவது தடைசெய்யப்பட, கடற்படை வீரர்கள் சிலர் தாங்களாகவே இறங்கி அவர்களை அடித்து விரட்டினார்கள். அதன்பின் நகரசபை ஃபொண்டல் பூங்காவில் உறங்க அனுமதித்தது. அந்த அனுமதியும் 1975வரைதான். ஊராருக்கே வீடில்லாத காலம் வேறு. 1980 ஏப்ரல் 30 அன்று அரசி பியாட்ரிக்ஸ் முடிசூடியபோது, வீடில்லையேல் முடியில்லை என்று முழங்கியவர்களுக்கும் காவலர்களுக்கும் இடையே நகரின் தெருக்களில் நாள் முழுதும் மோதல் நடந்தது.

சரி, இன்றைக்கு எப்படிப் போவது என்று கேட்கும் நண்பர்களுக்குச் சில சொற்கள். தங்கும் கட்டணத்தின் மேல் 2024 முதல் நகரசபை 12.5 சதவீதம் பயணி வரி வாங்குகிறது. பொது அறைப் படுக்கையும் அதற்கு விலக்கன்று. கோடையையும் வார இறுதியையும் தவிர்ப்பது நல்லது. பெட்டகத்துக்குப் பூட்டு கொண்டுபோக வேண்டும். பொதுச் சமையலறையில், போனவர்கள் விட்டுச்சென்ற அரிசியும் உப்பும் ஓர் அலமாரியில் இருக்கும், யாரும் எடுக்கலாம். கால்வாய்ப் படகுச் சவாரிக்குக் கட்டணம் அதிகம் என்று தோன்றினால் மத்திய ரயில் நிலையத்தின் பின்புறம் செல்லுங்கள். ஐ நீர்ப்பரப்பைக் கடக்கும் படகில் நடந்து வருபவருக்குக் கட்டணமில்லை. அதற்கு முன் ஔடே ஹோக்ஸ்ட்ராட் தெருவிலுள்ள கிழக்கிந்திய மாளிகையைத் தேடிப் போகவேண்டும். இப்போது அது பல்கலைக்கழகக் கட்டடம். கம்பெனிக்கு ஆளெடுத்த நாட்களில் விடுதிக்காரர்கள் தங்கள் சரக்கோடு முண்டியடித்து நுழைந்த வாயில் அங்கேதான் இருக்கிறது. நான் போன காலையில் மாணவர்கள் தேர்வுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.