கோபேர்க்கில் பிறந்த மரி டிறெஸ்லர்

கோடை வந்தால் எங்கள் ஸ்காபுறோச் சனத்துக்குக் கோபேர்க் கடற்கரைக்குப் போகாமல் இருக்க முடியாது. கடற்கரை என்பது பேச்சுக்குத்தான், அது ஒன்ராறியோ ஏரி. போன கோடையில் பிள்ளைகள் தண்ணீருக்குள் நிற்க, வெயில் தாங்காமல் நான் பேரனையும் கூட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். கிங் வீதி மேற்கில் ஒரு சின்னப் பழைய வீடு. உள்ளே அருங்காட்சியகம். சுவரில் பெருத்த உடம்பும் தொங்கிய கன்னமுமாக ஒரு அம்மா.

"அம்மப்பா, இந்தக் கிழவி ஆர்?" என்று பேரன் கேட்டான்.

எனக்குத் தெரியும். கொழும்பில் வேலை பார்த்த காலத்திலேயே பழைய ஆங்கிலப் படமென்றால் எனக்குப் பைத்தியம். ஆனால் அவர் நாங்கள் உல்லாசம் போகும் இந்த ஊரில் பிறந்தவர் என்பது அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இதே வேலையாக இருந்தேன்.

1868 நவம்பர் 9ஆம் திகதி பிறந்த அவருடைய இயற்பெயர் லெய்லா மரி கோர்பர். தகப்பன் சங்கீத வாத்தியார். பதின்மூன்று, பதினான்கு வயதில் மகள் நாடகக் கம்பனியோடு புறப்பட்டபோது, தன் குடும்பப் பெயரை மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அதனால் ஒரு மாமியின் பெயரை எடுத்து மரி டிறெஸ்லர் ஆனார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரிலும் கூத்தாடப் போன பிள்ளையைத் தகப்பன்மார் இப்படித்தானே பார்த்தார்கள்.

முகம் கதாநாயகிக்கு ஏற்றதல்ல என்பதை அவர் நேரத்தோடேயே விளங்கிக்கொண்டார். 1924இல் எழுதிய சுயசரிதைக்கே அழகில்லாத தாராக்குஞ்சின் கதை என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். அந்த உடம்பையே முதலாக வைத்து நியூயோர்க் மேடையில் சிரிக்க வைத்தார். 1910இல் 'ரில்லீஸ் நைற்மெயர்' நாடகம் பெரிய வெற்றி. அந்த ரில்லி பாத்திரத்தை வைத்து 1914இல் மக் செனற் எடுத்ததுதான் முதலாவது முழுநீள நகைச்சுவைப் படம் என்று சொல்லப்படுவது. (செனற்றும் கனடாக்காரர், கியூபெக்கில் பிறந்தவர்.) அதில் சார்ளி சப்ளினும் இருக்கிறார். ஆனால் சனம் பார்க்க வந்தது டிறெஸ்லரை, சப்ளின் அப்போது புது ஆள்.

1919 ஓகஸ்டில் நியூயோர்க் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மேடையில் கூட்டமாக ஆடிப் பாடும் கோரஸ் பெண்களின் நிலைமை படுமோசம். வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்க வேண்டும், அதற்குச் சம்பளம் கிடையாது. உடுப்பு, சப்பாத்துச் செலவும் பல இடங்களில் அவர்கள் தலையில்தான். டிறெஸ்லரும் ஒருகாலம் அந்த வரிசையில் நின்றவர். அந்தப் பெண்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவியாக அவரைத்தான் தெரிவு செய்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதத்தில் முதலாளிமார் இறங்கி வந்தார்கள், சங்கம் வென்றது.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை குறைந்தது. வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது, நாடக ரசனையும் மாறிவிட்டது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் முதலாளிமார் வேலைநிறுத்தத்தை மறக்கவில்லை என்பதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் வேலை இழந்தவன் நான். ஆரும் உன்னை வேண்டாம் என்று நேரே சொல்ல மாட்டார்கள். கடிதத்துக்குப் பதில் வராது, அவ்வளவுதான். இதை வாசிக்கும் உங்களில் இரண்டு மூன்று பேருக்கு அது நன்றாக விளங்கும்.

அவரை மீட்டவர் பிரான்சிஸ் மரியன் என்ற திரைக்கதை எழுத்தாளர். இளம் பத்திரிகை நிருபராக சான் பிரான்சிஸ்கோவில் தடுமாறிக்கொண்டிருந்த நாளில் டிறெஸ்லர் தனக்குக் காட்டிய அன்பை அவர் மறக்கவில்லை. 1927இல் எம்.ஜி.எம். நிறுவனத்தோடு பேசி ஒரு படத்தில் வேடம் எடுத்துக் கொடுத்தார். ஐரிஷ் மக்களின் எதிர்ப்பால் அந்தப் படத்தைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். மரியன் விடவில்லை. 1930இல் 'அன்னா கிறிஸ்ரி', கிரேற்றா கார்போ பேசிய முதல் படம். துறைமுகக் குடிகாரக் கிழவியாக வந்த டிறெஸ்லர் கார்போவுக்குப் பக்கத்தில் இருந்து பார்வையைத் தன் பக்கம் இழுத்துவிட்டார்.

அதே வருடம் 'மின் அன்ட் பில்'. துறைமுகத்தில் மலிவான விடுதி நடத்தும் மின், தாய் கைவிட்டுப் போன ஒரு பெண்பிள்ளையை வளர்க்கிறாள். பிள்ளைக்கு நல்ல இடத்தில் கலியாணம் நடக்கிற நேரம் பெற்ற தாய் வந்து நிற்கிறாள், எல்லாவற்றையும் கெடுத்துவிடுவேன் என்று. மின் அவளைச் சுட்டுவிடுகிறாள். பொலிஸ் கூட்டிப்போகும்போது, பிள்ளை சந்தோசமாகப் பயணப்படுவதைச் சனத்துக்கு நடுவில் நின்று பார்த்த நிறைவு அந்த முகத்தில் இருக்கிறது. வசனம் இல்லை. நான் அந்த இடத்தை நாலு தரம் பார்த்தேன்.

அதற்குத்தான் ஒஸ்கார். 1931 நவம்பர் 10, அறுபத்துமூன்று வயது நிறைந்த மறுநாள். அதற்கு முந்திய இரண்டு சிறந்த நடிகை விருதுகளும் ரொறன்ரோவில் பிறந்த மேரி பிக்போர்ட்டுக்கும் மொன்றியலில் பிறந்த நோர்மா ஷியரருக்கும் போயிருந்தன. அடுத்தடுத்து மூன்று கனடாக்காரிகள்! 1932, 1933 இரண்டு வருடமும் அமெரிக்கத் திரையரங்கு உரிமையாளர்களின் கணிப்பில் அதிக வசூல் தரும் நட்சத்திரம் அவர்தான். பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் வரிசையில் நின்ற சனம், மிஞ்சிய காசைக் கொடுத்துப் பார்க்கப் போனது அறுபது தாண்டிய இந்த அம்மாவை.

'டின்னர் அற் எய்ற்' வெளியான 1933இல் அவருக்குப் புற்றுநோய். ஸ்ரூடியோ முதலாளி மேயர் முதலில் அதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று வைத்தியரைக் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். 1934 ஜூலை 28இல் இறந்தார். நீண்டகாலம் கூட இருந்த கறுப்பினப் பணிப்பெண்ணுக்கும் அவருடைய கணவருக்கும் பெரிய தொகையொன்றை எழுதி வைத்திருந்தார்.

2008இல் கனடா தபால் துறை அவருக்கு முத்திரை வெளியிட்டது. முத்திரை சேர்க்கும் ஆரிடமாவது மேலதிகமாக ஒன்று இருந்தால் சொல்லுங்கள். பேரன் கேட்கிறான்.