வாவிக்கரையில் ஒரு பளபளப்பு: மோட்டார் வண்டிப் பூச்சின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் இயந்திரத்தின் வரலாற்றையே எழுதியுள்ளனர். வண்டியை மூடியிருக்கும் பூச்சுக்கு அந்நூல்களிற் கிடைப்பது ஓரிரு பந்திகளே. ஆனால் வண்டி பழுதடைந்த பின்னும் அதனை விடாது காத்துவந்த நம்மவரின் கைகள் மிகுதியும் உழைத்தது இயந்திரத்திலா பூச்சிலா என வினவின், விடை கூறுதல் எளிதன்று. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த உப்புக் காற்றில், தகரம் இயந்திரத்துக்கு முன்னரே மடிந்துவிடுகிறது. ஆகவே நெளிந்த மட்காட்டையோ துருப்பிடித்த கதவையோ வீட்டு முற்றத்தில் வைத்து மீண்டும் பளபளக்கச் செய்யும் தொழில் இப்பகுதியின் சமூக வரலாற்றில் ஒரு சிறு அதிகாரத்துக்கு உரியது.

பளபளப்பு என்பது யாது? ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்தது. மேற்பரப்பின் மேடு பள்ளங்கள் அவ்வலைநீளத்தை விடச் சிறுத்துவிடின், விழும் ஒளி சிதறாது ஒரே திசையில் தெறிக்கும். கண்ணாடியிற் போல முகம் தெரியும். மேடு பள்ளங்கள் பெருத்திருப்பின் ஒளி நாற்றிசையும் சிதறி, நிறம் மட்டும் தெரியும். எனவே பளபளப்பு நிறத்தின் குணமன்று, சமதளத்தின் குணமாகும். அச்சமதளத்தை அடைய இரு வழிகள் உண்டு. பூச்சு காயுமுன் தானாகவே பரவிச் சமன்படுதல் ஒன்று. காய்ந்த பின் மனிதன் தேய்த்துச் சமன்படுத்துதல் மற்றொன்று. பூச்சின் வரலாறு முழுவதும் இவ்விரு வழிகளுக்கிடையே ஊசலாடியது என்பது எமது கருத்து.

முதலாவது வழி பழமையானது. எண்ணெயும் பிசினும் சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷே 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குதிரை வண்டிகளுக்கு ஒளி தந்தது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகும். அது மெல்லவே நிகழும். பூச்சின் மேற் பூச்சாகப் பல படைகள் இட்டு, ஒவ்வொன்றையும் நுரைக்கல் பொடியால் தேய்த்து, ஒரு வண்டியை முடிக்க வாரக்கணக்கிற் சென்றது. எண்ணெயையும் பிசினையும் சேர்க்கும் இவ்வறிவு நமக்குப் புதிதன்று. குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சித் தோணியின் பலகை இடுக்குகளை அடைத்தவர்கள் தமிழ்க் கரையோரத்தார். ஆனால் தோணிக்கு வேண்டியது நீர் புகாமை. முகம் தெரிய வேண்டியதில்லை. ஒரே பொருள் ஒரு சமூகத்தில் காப்பாகவும் இன்னொன்றில் அலங்காரமாகவும் வளர்ந்தமை பொருள்களின் வரலாற்றில் அடிக்கடி காணப்படுவதே.

மோட்டார் வண்டி பெருந்தொகையாக உற்பத்தியாகத் தொடங்கியபோது வார்னிஷின் மந்தம் பெரும் இடராயிற்று. போர்ட் நிறுவனம் தன் ‘மொடல் ரி’ வண்டியை 1914 முதல் 1925 வரை கருநிறத்தில் மட்டுமே விற்றமை யாவரும் அறிந்த செய்தி. அக்கறுப்பு, தாரின் உறவினமான கனியக் கீலை அடிப்படையாகக் கொண்ட, அடுப்பிற் சுடப்பட்ட பூச்சாகும். விடிவு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பருத்தியை நைத்திரிக் அமிலத்தில் தோய்த்துப் பெறும் வெடிபஞ்சை 1846ஆம் ஆண்டளவில் ஷொன்பைன் என்னும் அறிஞர் வெளிப்படுத்தினார். முதலாம் உலகப் போரில் இதன் உற்பத்தி மலைபோற் பெருகியது. போர் முடிந்ததும் ஆலைகள் வேறு வேலை தேடின. டூபோன்ட் நிறுவனம் அதே நைத்திரோசெலுலோசைக் கரைப்பானிற் கரைத்து ‘டூகோ’ என்னும் பெயரில் 1923இல் வண்டிப் பூச்சாக வெளியிட்டது. 1924ஆம் ஆண்டின் ஓக்லண்ட் வண்டிகள் அப்பூச்சுடன் நீல நிறத்தில் வந்தன. வாரக்கணக்கிற் காய்ந்தது மணிக்கணக்கிற் காயலாயிற்று. (அதே 1924ஆம் ஆண்டிலேதான் கல்லடியில் லேடி மனிங் பாலம் திறக்கப்பெற்று வாவியின் இருகரையும் வண்டிகளுக்காக இணைந்தன என்பதும் நினைவுகொள்ளத்தக்கது.) பாண்டிருப்பில் ஆண்டுதோறும் திரௌபதை அம்மன் விழாவில் பாரதக் கதையைக் கேட்போர்க்கு அரக்கு மாளிகையின் தீ பழக்கமானது, செலுலோசுப் பூச்சுள்ள சிறு கராஜும் அவ்வாறே தீயைத் தன்னகத்தே கொண்ட மனைதான்.

செலுலோசுப் பூச்சு கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்வது. அதனால் விரைவாகக் காயும். ஆனால் தானாகப் பரவிச் சமன்பட நேரம் பெறாது. காய்ந்தவுடன் அதன் மேற்பரப்பு தோடம்பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாக மங்கியிருக்கும். அதனை நீரில் நனைத்த தேய்தாளால் 600, 800, 1200 என்று படிப்படியாக நுண்மையாக்கித் தேய்த்து, இறுதியிற் பசைக் கலவையும் துணியும் கொண்டு மெருகேற்றினால் அன்றி முகம் தெரியாது. 1920களின் பிற்பகுதியில் உருவாகிய அல்கைட் எனாமல் இதற்கு மாறானது. எண்ணெயின் பரம்பரையைச் சேர்ந்த அது ஒட்சிசனை ஏற்று இறுகுவது. தானே பரவிப் பளபளக்கும். ஆனால் பல மணி நேரம் ஈரமாயிருந்து பறக்கும் தூசியையும் பூச்சியையும் தன்மேல் ஏற்றுக்கொள்ளும். எனாமலின் பளபளப்பு வாய்ப்பது. செலுலோசின் பளபளப்பு ஈட்டுவது. முன்னதற்குத் தூசியற்ற அறை வேண்டும். பின்னதற்குக் கை வேண்டும். அறையில்லாத ஊரில் கை வென்றது வியப்பன்று.

எனினும் கைக்கும் ஒரு பகை உண்டு. அது காற்றின் ஈரம். கரைப்பான் ஆவியாகும்போது தகட்டின் வெப்பத்தை எடுத்துச் செல்லும், தகடு குளிரும். 30 பாகை வெப்பமும் 85 விழுக்காடு சார்பீரப்பதனும் உள்ள காற்றின் பனிபடுநிலை ஏறக்குறைய 27 பாகை. எனவே தகடு மூன்று பாகை குளிர்ந்தாலே காற்றிலுள்ள நீர் ஈரப் பூச்சின்மேற் படியும்; நைத்திரோசெலுலோசு கரைசலிலிருந்து பிரிந்து வெண்புகை படிந்தாற் போல் வெளிறும். கறுப்பு வண்டி சாம்பல் பூசியதாகும். வாடைக் காற்றும் மாரி மழையும் கூடும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் மட்டக்களப்பிற் பூச்சு வேலை நின்றுபோவதன் காரணம் இதுவே. மாறாக, வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வெப்பமாய் வீசும் கச்சான் காற்றில், 34 பாகையும் 50 விழுக்காடு ஈரப்பதனும் எனக் கொள்ளின், பனிபடுநிலை 22 பாகையளவிலேயே நிற்கும். பன்னிரண்டு பாகை குளிர்ந்தாலன்றி வெளிறாது. கச்சான் உடலுக்குக் கொடியதாயினும் பூச்சுக்கு நண்பன். ஆனால் அந்நண்பன் மணலைச் சுமந்து வருபவன்! தூசியை அடக்க நிலத்தில் நீர் தெளித்தால் அந்நீரே ஈரப்பதனை உயர்த்தும். ஆகவே காற்று ஓய்ந்திருக்கும் நேரத்தைத் தெரிதலும், மெல்ல ஆவியாகும் கரைப்பானைத் தின்னரிற் சிறிது சேர்த்தலும், நிலத்தைச் சற்று முன்னரே நனைத்துவிட்டு மேற்பரப்பு வடியுமட்டும் பொறுத்திருத்தலும் ஆகிய நுட்பங்கள் இத்தொழிலின் உயிராகின்றன.

இக்கை யாருடையது? பறங்கியர் என நம்மூரில் வழங்கும் போர்த்துக்கேயர் வழிவந்தோர், 1628இற் கோட்டை கட்டப்பெற்றதும் 1638இல் அது ஒல்லாந்தர் வசமானதுமான காலந்தொட்டு இவ்வாவிக்கரையில் வாழ்ந்து, தச்சு, கொல்லு, இயந்திரந் திருத்தல் ஆகிய தொழில்களிற் பெயர்பெற்றவர். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘போர்த்துக்கேய மெக்கானிக்குகள்’ என அவர்களைக் குறித்தார். தமிழரும் முஸ்லிம்களும் அவர்களோடு இத்தொழிலைப் பகிர்ந்தனர். தலைமைத் தொழிலாளியை நாம் ‘பாஸ்’ என்கிறோம். அது ஒல்லாந்தச் சொல். மட்டக்களப்பின் குடிகளையும் கோயில்களையும் கூற ‘மட்டக்களப்பு மான்மியம்’ உண்டு. 1962இல் அது அச்சேறியது. பெயின்ற் பாஸுக்கு மான்மியம் இல்லை.

வண்டியின் மேற் பூசுதல் எப்பொழுதும் அழகுக்காகவே நிகழவில்லை. 1957 முதல் வண்டிகளின் இலக்கத்தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கட்டாயமாக்கப்பட்டபோது வட, கிழக்கு மாகாணங்களில் தமிழரசுக் கட்சியினர் அதனை நீக்கித் தமிழ் எழுத்தை எழுதும் இயக்கத்தை நடத்தினர். 1958 தை முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாகி, அவ்வெழுத்தைத் தாங்கிய பஸ்கள் வடக்கே வந்தபின் அவ்வியக்கம் மீண்டும் தலைதூக்கியது. தெற்கில் தமிழ் எழுத்துள்ள பெயர்ப் பலகைகள்மேல் தார் பூசப்பட்டது. அவ்வாண்டு வைகாசியில் இனக்கலவரம் மூண்டது. தார் ஒளியை விழுங்கும் பூச்சு. எழுத்தை மறைக்க வல்லது. வண்டிப் பூச்சின் வரலாற்றில் இதனைச் சேர்க்காது விடுவது அவ்வரலாற்றைத் தொழில்நுட்பத்தோடு நிறுத்திவிடுவதாகும்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை அரசு இறக்குமதியை இறுக்கியது. புதிய கார் அரிதாயிற்று. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொரிஸ் மைனரும், ஒஸ்டினும், ஹில்மனும் தத்தம் நாட்டில் மறக்கப்பட்ட பின்னரும் இங்கே ஓடின. ஒரே வண்டி பல கைமாறி, ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு பூச்சுப் பெற்றது. இங்குதான் வீட்டுப் பூச்சின் மெய்யான இடர் எழுகிறது. அடியில் இருப்பது எனாமலாயின், அதன்மேல் செலுலோசு தெளித்தவுடன் அதன் தின்னர் எனாமலைக் கிளப்பிச் சுருக்கிவிடும். தவளைத் தோல் போலாகும். ஆகவே அறிந்தவர் முதலில் தின்னர் தோய்த்த துணியால் ஒரு மூலையைத் துடைப்பர். நிறம் துணியில் இறங்கினாற் செலுலோசு, சுருங்கினால் எனாமல். பின்னர்ப் பழுதைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்கையில், பழைய பூச்சுகள் வளையம் வளையமாக வெளிப்படும்: சாம்பல், பச்சை, மறுபடி சாம்பல், அடியிற் கறுப்பு. தொல்பொருளியலாளர் மண்ணடுக்கை வாசிப்பது போல அவ்வண்டியின் உடைமையாளரையும் அவர்தம் வசதியையும் அவ்வளையங்களில் வாசிக்கலாம். அவ்வளையங்களின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாதவரை தேய்த்து, அடிப்பூச்சிட்டு, பட்டியை மெல்லிய படைகளாக வைத்து, மீண்டும் தேய்த்த பின்னரே நிறம். கண் காணாத பள்ளத்தை உள்ளங்கை காணும். இறுதிப் பளபளப்பு அடியிலுள்ள குறையை மறைப்பதில்லை, காட்டிக்கொடுக்கும்.

1977இற் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் யப்பானியப் பழைய வண்டிகள் வந்தன. 1978 கார்த்திகை 23ஆந் திகதிச் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. பூச்சும் மாறியது. ஜேர்மனியில் 1937இல் ஒட்டோ பேயர் கண்ட பொலியுரெத்தேன் வழிவந்த இருபகுதிப் பூச்சுகள், இரு திரவங்களைக் கலந்த மாத்திரத்தில் தம்முள் வினைபுரிந்து இறுகுவன. அவை எனாமல் போல் பரவும், செலுலோசைவிட வன்மையாய் நிற்கும். தேய்ப்பு வேலை பாதியாகக் குறையும். ஈட்டிய பளபளப்பு மீண்டும் வாய்த்த பளபளப்பாயிற்று. 2004 மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலையில் கல்லடி, நாவலடி, பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்சுபார் ஆகியன அழிந்தபோது, பாஸ்மாரின் குடும்பங்களும் கருவிகளும் அதில் அகப்பட்டன. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 மாசியிலேயே வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகள் 1960களை ஒத்தன. பழைய வண்டிகள் மீண்டும் முற்றங்களில் தேய்க்கப்பட்டன.

ஆனால் இம்முறை தெளிக்கப்பட்டது பெரும்பாலும் வேறு பொருள். இருபகுதிப் பூச்சின் வன்கூறாகிய ஐசோசயனேற்று மூச்சில் ஏறின் ஈழை நோயை உண்டாக்கும். ஒருமுறை உடல் அதற்கு உணர்ச்சியுற்றுவிடின் பின்னர் மிகச் சிறிதளவும் தாக்கும். அதற்கு மணமும் இல்லை என்றே கூறலாம், மூக்கு எச்சரிக்காது. துணியால் வாயைக் கட்டுவதும், சாதாரண முகமூடி அணிவதும் அதனைத் தடுக்கா. புதுக் காற்றைக் குழாய்வழி ஊட்டும் முகமூடியே மேல்நாட்டுத் தொழிற்சாலைகளில் விதிக்கப்படுவது. செலுலோசுக் காலத்துப் பாஸ் தீக்கு அஞ்சினார். தலை சுற்றினால் வெளியே வந்து நின்றார். இன்று முற்றத்தில் தெளிப்பவனுக்கு அவ்வறிகுறிகூடக் கிடைப்பதில்லை.