மாறுவேடப் பெண்ணும் காக்கிச்சட்டைப் பெண்ணும்

வரலாற்றுப் புதினங்களை விரும்பிப் படிக்கும் இளையோர் உள்ளத்தில் ஒரு பெண்ணுருவம் நிலைபெற்றிருக்கக் காணலாம். நள்ளிரவில் கோட்டை மதிலைக் கடப்பவள் அவள். கூந்தலை மறைத்து ஆணுடை தரித்துப் பகைவர் பாசறையில் ஒற்றறிபவள். கதை எழுதுமாறு பணித்தால் மாணவியர் பலர் அவளையே எழுதுவர். அதில் பிழையில்லை. ஆயினும் நம் மரபில் மாறுவேடம் பெரும்பாலும் ஆடவர் உடைமையாகவே இருந்து வந்துள்ளது. அல்லியை அடையப் பல வேடம் புனைந்தவன் அருச்சுனன். வள்ளிமுன் கிழவனாய் வந்தவன் முருகன். கல்கியின் 'பார்த்திபன் கனவு' புதினத்தில் சிவனடியாராக உலவுபவர் நரசிம்மவர்மர். 'பொன்னியின் செல்வன்' காட்டும் பூங்குழலியோ இரவுக் கடலில் தானே படகு செலுத்தும் துணிவுடையாள். அத்துணிவுக்கு அவள் எவ்வேடமும் புனையவில்லை. தோட்டத்துத் திருவிழா மேடைகளிலும் பெண்வேடம் பூண்டு ஆடியோர் ஆடவரே.

இம்முறை தலைகீழான ஆண்டு 1943. அவ்வாண்டு சூலை 2ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்திறங்கினார். 9ஆம் நாள் பாடாங் திடலில் கூடிய பெருங்கூட்டத்தில், பெண்களுக்கெனத் தனிப்படை ஒன்று வேண்டும் என்றார். சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவம் செய்துவந்த இலட்சுமி சுவாமிநாதன் அதன் தலைமையை ஏற்றார். அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கிற்று. படைக்கு இடப்பட்ட பெயர் ஜான்சி ராணிப் படை. 1858 சூனில் குவாலியருக்கு அருகே போர்க்களத்தில் வீழ்ந்தபோது அந்த ராணி குதிரைவீரனின் உடையில் இருந்தாள் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

படையில் சேர்ந்தோருள் பெயர் விளங்க நின்றவர் பெரும்பாலும் நகரத்துப் படித்த மகளிர். கோலாலம்பூர் ஜானகி தேவர், நேதாஜியின் பேச்சைக் கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தவர்; பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்டவர். ஈப்போவில் பிறந்த இராசம்மா பூபாலன், படையில் சேர்ந்தபோது பதினாறு வயதினர். பிற்காலத்தில் ஆசிரியையாகிப் பெண்ணாசிரியர்க்குச் சம ஊதியம் வேண்டிப் போராடியவர். ஆசிரியப் பெருமக்கள் இதனை மறத்தலாகாது.

ஆனால் அணிவகுப்பில் நின்றோருள் பெருந்தொகையினர் இரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களே. சிரம்பானைச் சூழ்ந்த ரந்தாவ், லாபு, சிலியாவ், லிங்கி, போர்ட்டிக்சன் வட்டாரங்களின் தோட்ட வாழ்வை அறிந்தோர்க்கு, அப்பெண்கள் எங்கிருந்து புறப்பட்டனர் என்பது விளங்கும். விடியுமுன் பெரட்டுக் களம், பின் பால்மரம் சீவுதல், வாளி சுமத்தல், மாலையில் லயத்துக்கு மீளுதல். போர் வந்ததும் இரப்பருக்கு விலையில்லை. அரிசி அரிதாயிற்று, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண இரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களின் ஆடவர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். மீளாதோர் மிகப் பலர். அப்பாதையின் இரு முனைகளும் இணைந்ததும் பெண்கள் முகாம் திறந்ததும் ஒரே அக்டோபர்த் திங்களில். நாட்டுப்பற்று ஒன்றே இப்பெண்களை அழைத்தது என்றால் அது முழு உண்மையாகாது. பசியும், பாதுகாப்பின்மையும், தண்டலின் அதட்டலுக்கு அப்பால் ஓர் உலகைக் காணும் வேட்கையும் உடன் நின்றன.

புதினத்துப் பெண் எவர்க்கும் தெரியாமல் வீட்டை விட்டு மறைவாள். இவர்களோ தந்தையின் அல்லது கணவரின் ஒப்புதல் பெற்றே சேர்ந்தனர். காக்கிக் காற்சட்டையும் மேற்சட்டையும் அணிந்தனர். பலர் கூந்தலைக் கத்தரித்தனர். அது மாறுவேடமன்று, ஊரறிய அணிந்த சீருடை. ஆணை மொழி இந்துஸ்தானி. அதையும் கற்றனர்; துப்பாக்கி சுடவும் கற்றனர். 1944இல் ஒரு பகுதியினர் பர்மா சென்றனர். போர்முனையில் போரிட அவர்களுக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. மேமியோ மருத்துவமனையில் காயம்பட்டோரைப் பேணினர். 1945 ஏப்பிரலில் இரங்கூனிலிருந்து பின்வாங்கிய பயணமே அவர்கள் கண்ட கடுஞ்சமர் எனலாம். குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் பாங்காக் நோக்கி வந்தனர்.

மாறுவேடக் கதையும் ஒன்றுண்டு. இரங்கூன் சரசுவதி இராசாமணி, தாம் 'மணி' என்னும் சிறுவனாக உடுத்து ஆங்கிலேயர் முகாமில் ஒற்றறிந்ததாகவும், தப்பியோடுகையில் காலில் குண்டு பட்டதாகவும் முதுமையில் கூறிவந்தார். 2018இல் சென்னையில் மறைந்தார். அவர் கூற்றை ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். ஐயத்தோடு அதைச் சொல்வதே மாணாக்கர்க்குச் செய்யும் நன்மை. படையின் தொகையிலும் கருத்து வேறுபாடு உண்டு: ஆயிரத்தைக் கடந்தது என்பாரும், ஐந்நூற்றை எட்டவில்லை என்பாரும் உளர். தொகையிலேயே இத்தனை மயக்கமெனில், தோட்டத்துப் பெண்களின் பெயர்கள் எங்ஙனம் தப்பும்? கத்தரித்த கூந்தலோடு லயத்துக்குத் திரும்பியவளை அண்டை வீட்டார் என்ன கேட்டனர், மறுநாள் பெரட்டில் அவள் எவ்வாறு நின்றாள் என்பவற்றை எந்த ஆவணமும் கூறாது. புதினம் எழுத விழையும் இளையோர்க்கு இடம் அங்கேதான் இருக்கிறது. மதில் தாண்டும் காட்சியை எழுதப் பலர் உளர்.

நெகிரி செம்பிலானுக்கு இவ்வரலாற்றில் வேறோர் இடமும் உண்டு. 1945 ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் நேதாஜி சிரம்பானில் தங்கியிருந்தார். ஜப்பான் பணியப்போகும் செய்தியைச் சிங்கப்பூரிலிருந்து காரில் விரைந்து வந்தோர் அவரிடம் தெரிவித்தது அங்கேதான். அவர் சிங்கப்பூர் மீண்டார். முகாமில் எஞ்சியிருந்த பெண்களைப் பாதுகாப்பாக வீடு சேர்க்க ஏற்பாடு செய்தார். ஆகஸ்டு 14 மாலை, பல்லொன்று பிடுங்கப்பட்ட நோவோடு, அப்பெண்கள் நடித்த ஜான்சி ராணி நாடகத்தைக் கண்டார். ஆடவர் பெண்வேடமிட்ட மேடைகளையே கண்டு வளர்ந்த சமூகத்தின் புதல்வியர், அன்று போர்க்கோலம் பூண்டு மேடையேறினர். மறுநாள் ஜப்பானின் சரணடைவு வானொலியில் அறிவிக்கப்பட்டது. அவர்கள் காக்கியைக் களைந்து ஊர் திரும்பினர். தோட்டத்தினர் பலர் மீண்டும் பால்மரத்துக்கே சென்றனர்.