வந்தேறிச் செடியும் வழிவழி அறிவும்: கிராமத்து மூலிகை வழக்கு தன்னைச் சோதித்துக்கொள்ளும் முறை

கிராமத்து மூலிகை அறிவைப் பற்றி எழுதுவோர் பலரும் அதன் பழமையையே முதல் சான்றாக வைக்கின்றனர். சித்தர் ஏடுகளிலிருந்து ஊருக்குள் இறங்கியது, தலைமுறைகளாகக் காக்கப்பட்டது, இன்று அழிகிறது என்று வாதம் நகரும். இந்தச் சித்திரம் மாற வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஊர் வழக்கு இன்றும் நடந்துகொண்டிருக்கும் ஒரு சோதனை. எந்த நோயில் அந்தச் சோதனை ஏமாறாது, எதில் ஏமாறும் என்பதைக் கொண்டே அதன் மதிப்பை அளக்க வேண்டும்.

கதிர் அறுக்கையில் அரிவாள் விரலைப் பதம் பார்த்துவிட்டால், வரப்பில் கிடக்கும் ஒரு பூண்டின் இலைகளைப் பறித்து உள்ளங்கையில் கசக்கிச் சாற்றைக் காயத்தில் பிழிவார்கள். சுரீரென்று எரியும்; சற்று நேரத்தில் இரத்தம் கட்டும். வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றடிப் பூண்டு, மூக்குத்திப்பூ என்று ஊருக்கொரு பெயர். நீண்ட காம்பின் உச்சிப் பூவைக் கட்டைவிரலால் சுண்டித் தெறிக்கவிட்டு விளையாடும் பிள்ளைகளுக்கு அது தாத்தாப்பூ. இத்தனை உறவாகிவிட்ட டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ் என்னும் இச்செடியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. கொலம்பஸின் 1492 பயணத்துக்குப் பிறகே அது நம் வரப்புக்கு வந்திருக்க முடியும். வயிற்றுப்போக்குக்கு நாம் மென்று தின்னும் கொய்யாக் கொழுந்தின் கதையும் இதுவே.

பண்டைய ஏடு எதுவும் வெட்டுக்காயப் பூண்டின் பயனைக் கற்றுத் தந்திருக்க முடியாது. செடியோடு சேர்ந்து அறிவும் கடல் கடந்து வந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். மத்திய அமெரிக்காவிலும் இதைக் காயத்துக்குப் பயன்படுத்துவதுண்டு. அப்படியே வந்திருந்தாலும், அதை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்தவர்கள் இங்குள்ள உழவரும் மேய்ப்பருமே. வெட்டுக்காயம் கறாரான தேர்வாளர். காரணம் ஐயமற்றது, விளைவு நிமிடங்களில் தெரியும், அருகில் நிற்போர் அனைவரும் சாட்சி, ஒவ்வோர் அறுப்பிலும் தேர்வு மறுபடி நடக்கும். எலிகளில் நடத்திய சில ஆய்வுகளும் இச்சாறு புண் ஆறுவதற்கு உதவுவதாகக் காட்டியுள்ளன.

காமாலை அப்படிப்பட்ட தேர்வாளர் அன்று. கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, நெல்லிக்காயளவு உருட்டி, வெறும் வயிற்றில் மோரில் கலந்து கொடுப்பர். எண்ணெயும் புளியும் விலக்கிப் பத்தியம் இருக்கச் சொல்வர். சில வாரங்களில் கண்ணின் மஞ்சள் இறங்கும். ஆனால் கிராமங்களில் பரவலாகக் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே தணியும் நோய். மருந்து உண்டவரும் தேறுவார், உண்ணாதவரும் தேறுவார். உண்ணாமல் தேறியவரை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

ஆய்வகமும் இங்கே வேறொரு வகையில் தடுமாறியது. சென்னையின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் ப்ளம்பெர்க்குடன் இணைந்து, 1988இல் லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டனர். அக்கிருமியைச் சுமப்போருக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 59 விழுக்காட்டினரிடம் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது. போலி மருந்து பெற்றோரில் 4 விழுக்காடு மட்டுமே. பிற்காலத்தில் வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் இந்த வெற்றி கிட்டவில்லை. ஊர் சொன்னது கண் மஞ்சளுக்கு; ஆய்வு எடுத்துக்கொண்டதோ பெரும்பாலும் கண் மஞ்சளாகாத, நாள்பட்ட கிருமிச் சுமையை. ஊர் சொல்லாத ஒன்றைச் சோதித்துவிட்டு, ஊர் சொன்னது மெய்யென்றோ பொய்யென்றோ தீர்ப்பளிப்பது பொருந்தாது. இன்னொரு சிக்கலும் உண்டு. இலைக்குக் கீழே குட்டி நெல்லிகளாகக் காய் தொங்கும் செடிகள் பல. அவற்றுள் இந்த ஆய்வுக்கு உட்பட்ட பில்லாந்தஸ் அமாரஸ் என்னும் இனமும் அமெரிக்காவிலிருந்து வந்தது என்றே தாவரவியலார் கருதுகின்றனர். ஆகவே பழைய ஏட்டின் கீழாநெல்லி எது என்பதே தனி ஆய்வுக்குரியது.

மூன்றாவது செடி ஆடுதின்னாப்பாளை. ஆடும் தொடாது என்று பெயரிலேயே எச்சரிக்கையைப் பொதித்து வைத்த ஊர், அதைக் குடற்புழுவுக்கும் தோல் நோய்க்கும் கொடுத்தது. இச்செடி சேர்ந்த பேரினத்தின் செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மருந்து உட்கொண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் இழந்தனர்; இப்பேரினச் செடியொன்று அதில் மாறிக் கலந்திருந்தது. புழு விழுவது மறுநாளே தெரிந்துவிடும். ஆண்டுகள் கழித்து வரும் புற்றுநோயை அந்தக் கஷாயத்தோடு முடிச்சுப் போட எந்தத் திண்ணைப் பேச்சாலும் இயலாது.

உடனடி விளைவில் ஊர் அறிவு கூர்மையானது. தானே தணியும் நோயில் ஏமாறும். காலம் தாழ்த்தி வரும் தீங்கில் பார்வையற்றது. செடிக்கு எதிரே நோய்ப் பெயர் எழுதும் நம் கள ஆய்வுப் பட்டியல்கள் இம்மூன்றையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடுகின்றன.

பழமை வாதத்துக்குச் சட்டத்திலும் ஒரு விலை உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தம், ஏட்டில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு, அறிவைக் காத்தோருக்கு ஆதாயத்தில் பங்கு தரும் பயன்பகிர்விலிருந்து விலக்கு அளிக்கிறது. அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையிலிருந்து உருவான மருந்தின் உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அது அவர்கள் வாய்வழி வைத்திருந்த அறிவு. எல்லாம் சித்தர் சொன்னதே என்று மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி நிரப்பும் ஊர், தன் பங்கைக் கேட்கும் வழியைத் தானே அடைத்துக்கொள்ளக்கூடும்.

மருந்து பலித்தால் நோய் அதற்குக் ‘கேட்டது’ என்பது நம் வழக்கு. களத்துக்குச் செல்லும் ஆய்வாளர் எந்தச் செடிக்கு எது கேட்டது என்பதோடு நிறுத்தாமல், எது கேட்கவில்லை, எத்தனை நாளில் தெரிந்தது, எந்தச் செடியைக் கைவிட்டீர்கள் என்றும் விசாரிக்க வேண்டும். கைவிட்ட செடிகளின் பட்டியல் எந்த ஏட்டிலும் இல்லை. அது ஊரார் நினைவில் மட்டுமே இருக்கிறது.