வாஷிங்டன் குடியின் பழைய இல்லம்

குடிப்பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் அதனைப் பற்றிக்கொண்டே முன்னோர் அனைவரையும் கண்டுவிடலாம் எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழைக்கு இடந்தரும் என்பதை அமெரிக்க நாட்டின் முதற் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டனின் குடிவரலாறு நன்கு விளக்கும்.

வட இங்கிலாந்தில், முன்னர் டர்ஹம் பகுதியைச் சேர்ந்திருந்த வாஷிங்டன் என்னும் ஊர் உளது. 12ஆம் நூற்றாண்டில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பார் தமக்குரிய ஹார்ட்பர்ன் என்னும் ஊரைக் கொடுத்து, அதற்கு ஈடாக இவ்வூரைப் பெற்றார். டர்ஹம் ஆயரின் நிலங்களைப் பற்றி 1183இல் தொகுக்கப்பெற்ற போல்டன் ஏடு இம்மாற்றத்தைக் குறிக்கின்றது. புதிய ஊரில் மாளிகை கொண்டு வாழ்ந்த அவர் வழியினர்க்கு ஊர்ப்பெயரே குடிப்பெயராயிற்று.

இக்குடி பின்னர்ப் பல கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளை லங்காஷயருக்குச் சென்றது. அக்கிளையில் தோன்றிய லாரன்ஸ் வாஷிங்டன் நார்தாம்ப்டனில் கம்பளி வாணிகம் செய்து, அந்நகரத் தலைவராகவும் விளங்கினார். மடத்துக்குரியதாயிருந்த சல்கிரேவ் நிலத்தை 1539இல் அரசிடமிருந்து வாங்கினார்.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான், லாரன்ஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர் வர்ஜீனியாவில் குடியேறினர். ஜான் என்பவரே ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுப்பாட்டனார். ஆனால் அவ்விருவரும் யாருடைய மக்கள்? இங்கிலாந்தில் குலச்சின்னங்களை ஆயும் தலைமை அதிகாரியாகிய ஐசக் ஹியர்ட் இதனை அறிய விரும்பி ஜார்ஜ் வாஷிங்டனுக்கே எழுதினார். தாம் இதில் அதிகம் கருத்துச் செலுத்தியதில்லை என்று அவர் 1792இல் மறுமொழி விடுத்தார். சல்கிரேவ் குடியிலும் ஜான், லாரன்ஸ் என்னும் பெயருடைய சகோதரர் இருந்தமையால், அவர்களே கடல் கடந்தவர் எனக் கொண்டு ஹியர்ட் குடிவழியை வகுத்தார்.

அக்கொள்கை 1866 வரை நின்றது. அவ்வாண்டில் ஜோசப் செஸ்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அதனை மறுத்தார். ஹியர்ட் காட்டிய ஜான் வீரப்பட்டம் பெற்றவர். லாரன்ஸோ சமய குரு. குடியேறிய இருவரும் அத்தகையோர் அல்லர் என்பது அவர் காட்டிய முடிபு.

பின்னர் ஹென்றி வாட்டர்ஸ் என்பார் பழைய மரண சாசனங்களை ஒவ்வொன்றாகத் துருவி ஆராய்ந்தார். டிரிங் ஊரினராகிய ஆண்ட்ரூ நோலிங் எழுதிவைத்த சாசனம் ஒன்று அவர்க்குக் கிடைத்தது. அதில் நோலிங் தம் ஞானமகன் லாரன்ஸ் வாஷிங்டனுக்கு நிலம் வழங்கியிருந்தார். அவன் தாய் ஆம்ஃபிலிசும் உடன்பிறந்தாரும் அதில் இடம்பெற்றிருந்தனர். இதனையும் பிற சான்றுகளையும் இணைத்து 1889இல் வாட்டர்ஸ் உண்மையை வெளியிட்டார். பர்லி ஊர்த் திருச்சபையிலிருந்து 1643இல் விலக்கப்பட்ட சமய குரு லாரன்ஸே அவ்விருவரின் தந்தை. ஹியர்ட் மகனென்று கருதியவர் உண்மையில் தந்தையாவார்! குடி ஒன்றே, தலைமுறைதான் பிழைபட்டது.

டர்ஹம் மாளிகை 1613இல் அவ்வூர் ஆயருக்கு விற்கப்பெற்று, பழைய பகுதிகள் சில எஞ்ச, பெரும்பாலும் புதிதாகக் கட்டப்பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் ஏழைக் குடும்பங்கள் பல அதனைப் பங்கிட்டு வாழ்ந்தன. இடிக்கப்பட இருந்த அதனை 1936இல் பிரெட் ஹில் என்னும் ஆசிரியர் காக்க முனைந்தார். 1955இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது.

கல்லும் சுவரும் ஒரு குடி வாழ்ந்த இடத்தைக் காட்டும். யார்க்கு யார் மகன் என்பதை ஏடுகளே சொல்லவேண்டும். பெயரொற்றுமை தேடலுக்குத் தொடக்கமாகலாம், முடிவாகாது.